முதலில் உங்கள் கூலியை எழுதுங்கள்: மாவு வியாபாரம் சொல்லித்தரும் கணக்கு

சம்பளம் பத்தவில்லை, கூடவே சொந்தமாக ஏதாவது செய்யலாமா என்ற பேச்சு எழாத வீடு குறைவு. இட்லி மாவு, முறுக்கு, தையல், ஆரி வேலை, டியூஷன், சாயங்காலம் மட்டும் பஜ்ஜிக் கடை என்று யோசனை சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். தொடங்கி ஆறு மாதம் கழித்து, இதில் உண்மையில் என் கைக்கு என்ன வருகிறது என்று பார்க்கக் கற்றுத்தர யாரும் வருவதில்லை. நல்ல கைப்பக்குவம் உள்ளவர்கள் பலர் உழைத்து உழைத்து ஓய்ந்துபோய்க் கடையை மூடுவதற்கு இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அதனால் இங்கே ஒரே ஒரு விஷயத்தைத்தான் விளக்கப்போகிறேன்: வியாபாரத்தில் முதல், கூலி, லாபம் மூன்றும் வேறு வேறு. மூன்றையும் ஒரே டப்பாவில் போட்டால் மூன்றுமே தெரியாமல் போய்விடும்.

எனக்கு இது என் சித்தி மூலமாகத்தான் புரிந்தது. சித்தப்பாவுக்கு மில்லில் ஷிப்ட் குறைந்தபோது சித்தி வீட்டு வாசலில் மாவு விற்க ஆரம்பித்தார். பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டர் ஒன்று, இரண்டு அன்னக்கூடை, ஒரு தராசு. மாவு அருமையாக இருக்கும். ஆறு மணிக்கெல்லாம் பிள்ளைகள் தூக்குவாளியோடு வந்து நிற்பார்கள். "ஒரு நாளைக்கு நானூறுக்குக் குறையாம நிக்குதுப்பா" என்று சித்தி சந்தோஷமாகச் சொல்வார். ஆனால் மாதக் கடைசியில் அரிசி வாங்கப் பணம் இருக்காது. பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்குவார். தினம் நானூறு நின்றால் அந்தப் பணம் எங்கே போனது? ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் போட்டு உட்கார்ந்தோம். அன்றைக்குப் பார்த்த கணக்கையே இங்கே தருகிறேன். விலைகளை மட்டும் இப்போதைய நிலவரத்துக்குக் கிட்டத்தில் மாற்றியிருக்கிறேன். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்குப் பத்து கிலோ இட்லி அரிசி. கிலோ 48 ரூபாய் என்றால் 480. நாலுக்கு ஒன்று கணக்கில் உளுந்து இரண்டரை கிலோ, கிலோ 140 என்றால் 350. வெந்தயம், உப்புக்கு 20. ஆக மொத்தம் 850 ரூபாய் சரக்கு. இதில் ஏறக்குறைய 32 கிலோ மாவு வரும். கிலோ 40 ரூபாய்க்கு விற்றால் 1,280. சித்தி சொன்ன நானூறு இதுதான்: 1,280இல் 850 போக 430.

பெரும்பாலான வீட்டுத் தொழில்களின் கணக்கு இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. சரக்கு வாங்கிய காசைக் கழித்தாயிற்று, மிச்சமெல்லாம் நமக்கு என்று தோன்றும். நோட்டில் அடுத்தடுத்த வரிகளை எழுத எழுத சித்தியின் முகம் மாறியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கவரும் ரப்பர் பேண்டும் 50 ரூபாய். கரண்ட், தண்ணீர் 25. சரக்கோடு சேர்த்தால் 925 ஆயிற்று, கையில் 355. சில நாள் எல்லாம் விற்றுவிடும், சில நாள் நாலு கிலோ தங்கிவிடும். வெயில் காலத்தில் ராத்திரிக்குள் புளித்துவிடும், மறுநாள் யாரும் வாங்க மாட்டார்கள். சராசரியாக இரண்டு கிலோ வீண் என்று வைத்தால் 80 ரூபாய் போயிற்று, 275. இரண்டு தெரு தள்ளி இருக்கும் வீடுகளுக்கு வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கப் பெட்ரோல் 30, 245.

அப்புறம் கிரைண்டர். "அது எப்பவோ வாங்கினதுதானே, அதுக்கு எதுக்குக் கணக்கு?" என்று சித்தி கேட்டார். எப்போதோ வாங்கியதுதான், ஆனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிக்கொண்டிருக்கிறது. கல் தேய்கிறது, பெல்ட் தளர்கிறது, மோட்டார் சூடேறுகிறது. 25,000 ரூபாய் கிரைண்டர், வருடம் 300 நாள் ஓடி ஐந்து வருடம் உழைத்தால் 1,500 நாள். ஒரு நாளைக்கு 17 ரூபாய் அதன் பங்கு. இதைத்தான் தேய்மானம் என்கிறார்கள். அதையும் கழித்தால் மீதி 228.

இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது. அதை எழுதும்வரை அது ஒரு செலவு என்றே சித்திக்குத் தோன்றவில்லை: அவருடைய நேரம். அரிசி களைந்து ஊறப்போடுவது, அரைப்பது, கிரைண்டரைக் கழுவுவது, பொட்டலம் போடுவது, விற்பது, கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் சேர்த்துக் குறைந்தது ஐந்து மணி நேரம். 228ஐ ஐந்தால் வகுத்தால் மணிக்கு 45 ரூபாய்ச் சொச்சம். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்திருந்த தினக்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42. சொந்தமாக முதல் போட்டு, மாவு தங்கிவிடுமோ என்ற கவலையையும் சுமந்து, சித்தி சம்பாதித்தது அதைவிட மூன்று ரூபாய்ச் சொச்சம்தான் கூடுதல்.

சரி, இப்போது உங்கள் உழைப்புக்கு நீங்களே ஒரு கூலி வையுங்கள். மணிக்கு 50 ரூபாய் என்று குறைவாகவே வைப்போம். ஐந்து மணி நேரத்துக்கு 250. மீதி இருந்ததே 228. அப்படியென்றால் இந்த வியாபாரத்தின் லாபம் பூஜ்யத்துக்கும் 22 ரூபாய் கீழே. வியாபாரம் நஷ்டத்தில் ஓடுகிறது. அந்த நஷ்டத்தைச் சித்தியின் கைகால் வலி ஈடுகட்டிக்கொண்டிருந்தது.

இதைச் சொல்லும்போது சிலருக்கு வருத்தம் வரும். "வீட்ல சும்மாதானே இருக்கோம், நேரத்துக்கு எதுக்குக் காசு?" என்பார்கள். இந்த வார்த்தை எனக்குப் பிடிப்பதே இல்லை. வீட்டில் யாரும் சும்மா இருப்பதில்லை. அந்த ஐந்து மணி நேரத்தில் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கலாம், தூங்கியிருக்கலாம், வேறொரு வேலைக்குப் போயிருக்கலாம். அது விலையுள்ள நேரம். அதற்கு விலை எழுதாதவர்கள்தான், ஆள் ஒருவரைச் சேர்க்க வேண்டிய நாள் வரும்போது திகைத்துப் போகிறார்கள்: நான் செய்தவரை லாபம் வந்ததே, ஆள் போட்டதும் எப்படி நஷ்டமாயிற்று என்று. முன்பும் லாபம் இருந்ததில்லை. சொந்தக் கூலியைத்தான் லாபம் என்ற பெயரில் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கூலியையும் லாபத்தையும் பிரித்து வைப்பது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு மும்பையின் லிஜ்ஜத் அப்பளத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1959 மார்ச் 15 அன்று கிர்காம் பகுதியில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் கடன் வாங்கிய 80 ரூபாயை வைத்து அப்பளம் இட்டார்கள். முதல் நாள் நாலே பாக்கெட். அது இன்று பல்லாயிரம் பெண்கள் பங்காளிகளாக இருக்கும் நிறுவனம். அதன் நடைமுறையைக் கவனியுங்கள். பிசைந்த மாவை மையத்திலிருந்து வாங்கிப்போய் வீட்டில் அப்பளம் இட்டு, காய வைத்து, மறுநாள் கொண்டுவந்து கொடுக்கும் பெண்ணுக்கு எடைக்கு ஏற்ற கூலி உண்டு. லாபம் அதற்கு அப்புறம் தனியாகப் பார்க்கப்பட்டு, பங்கு பிரிக்கப்படுகிறது. லாபம் வந்தால் கூலி தருகிறேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏழு பேருக்கும் பல்லாயிரம் பேருக்கும் ஒத்து வந்த முறை ஒரு ஆள் நடத்தும் மாவுக்கடைக்கும் ஒத்து வரும்.

விலையை ஐந்து ரூபாய் ஏற்றினால்

சித்தியின் கணக்கு மைனஸில் நின்றதும் அவருக்கு முதலில் தோன்றியது, இன்னும் ஐந்து கிலோ கூட அரைக்கலாம் என்பது. எல்லோருக்கும் முதலில் இதுதான் தோன்றும். ஆனால் கூலிக்கே கட்டாத விலையில் அதிகமாக விற்றால் அதிகமாகக் களைப்போம், அவ்வளவுதான். முதலில் பார்க்க வேண்டியது விலையை.

கிலோ 40க்குப் பதில் 45 என்று வையுங்கள். விற்கிற 30 கிலோவுக்கு 150 ரூபாய் கூடுதல். அரிசி விலை அதேதான், கரண்ட் அதேதான், உழைப்பும் அதேதான். 228 இருந்த இடத்தில் 378. கூலி 250 போக 128 ரூபாய் உண்மையான லாபம். விலை எட்டில் ஒரு பங்குதான் ஏறியது, கையில் நின்றதோ ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆனது. வியாபாரத்துக்குப் புதிதாக வருபவர்கள் இதை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்துவிட்டால் போதும், பிறகு விலை சொல்லும்போது குரல் நடுங்காது.

"விலை ஏத்தினா ஆளு போயிருவாங்களே" என்று சித்தி பயந்தார். நியாயமான பயம். அதையும் கணக்குப் போட்டோம். 925 ரூபாய் செலவில் 32 கிலோ என்றால் கிலோவுக்கு அடக்கம் சுமார் 29. நாற்பதுக்கு விற்கும்போது கிலோவுக்கு 11 ரூபாய் நிற்கும், நாற்பத்தைந்துக்கு விற்றால் 16. முப்பது கிலோ விற்று 330 கிடைத்தது. 16 ரூபாய் வீதம் 21 கிலோ விற்றாலே 336 கிடைத்துவிடும். அதாவது பத்துப் பேரில் மூன்று பேர் வேறு கடைக்குப் போனாலும் பழைய வருமானம் குறையாது, அரைக்கிற வேலை மட்டும் குறையும். கடைசியில் வாங்குவதை நிறுத்தியது இரண்டு வீடுதான். சித்தி உளுந்தில் கை வைக்காததை மற்றவர்கள் ருசியில் அறிந்திருந்தார்கள். விலையை ஏற்றாமல் உளுந்தைக் குறைத்து அவல் அல்லது சோடா உப்பால் ஒப்பேற்றுபவர்கள் உண்டு. நாக்குக்கு இரண்டு நாளில் தெரிந்துவிடும். போன வாடிக்கை திரும்பி வராது.

செலவுப் பக்கத்திலும் இடம் இருக்கிறது. சில்லறையில் வாங்காமல் சிப்பமாக வாங்கினால் அரிசியில் கிலோவுக்கு மூன்று நாலு ரூபாய் குறையும். (சிப்பம் ஏன் 25 இல்லாமல் 26 கிலோவாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பை கட்டி விற்கும் அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. அதனால் ஆலைகள் ஒரு கிலோ கூட்டிவிட்டன.) பாத்திரம் கொண்டுவருபவர்களுக்கு ஒரு ரூபாய் குறைத்துக் கொடுங்கள், கவர் மிச்சம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருப்பதால், எந்த வகைக் கவரில் போடலாம் என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. தங்கிப்போகும் மாவுக்கு வழி, முந்தைய நாளே சொல்லிவைக்கும் வாடிக்கைதான். பத்து வீடு நிரந்தரமாக இருந்தால் எவ்வளவு ஊறப்போடுவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

முதல் எங்கே மாட்டிக்கொள்கிறது

லாபம் வருகிற வியாபாரமும் காசில்லாமல் நின்றுபோகும். இது ஆரம்பிக்கிறவர்களுக்குப் புரிய வெகுநாள் ஆகிறது.

பக்கத்து மளிகைக் கடையில் மாவு போடுகிறீர்கள். அவர் ஒரு பாக்கெட்டுக்கு ஐந்து ரூபாய் எடுத்துக்கொள்கிறார். அது தப்பில்லை, நாள் முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து நின்று விற்றுத் தருவது அவர்தான். ஆனால் பணம் வாரம் ஒருமுறைதான் தருவார். உங்களுக்கோ தினமும் 925 ரூபாய்க்குச் சரக்கும் செலவும். ஏழு நாளுக்கு 6,475 ரூபாய். இவ்வளவு பணம் எப்போதும் கடைக்காரரிடமே நின்றுகொண்டிருக்கும். இதுவும் நீங்கள் போட்ட முதல்தான், கிரைண்டரைப் போலவே. இதை யோசிக்காமல் கையிலிருந்த மொத்தப் பணத்தையும் மெஷினில் போட்டுவிட்டு, மூன்றாம் நாள் உளுந்து வாங்கக் காசில்லாமல் நிற்பவர்களை நிறையப் பார்க்கலாம். கையில் முப்பதாயிரம் இருந்தால் பத்தாயிரத்தைத் தொடாமல் ஓட்டத்துக்கு என்று ஒதுக்கிவையுங்கள். மெஷின் பழையதாகக் கிடைத்தாலும் பரவாயில்லை.

அப்படி நிற்கிற நேரத்தில்தான் தண்டல்காரர் வருவார். 10,000 என்று எழுதிக்கொண்டு, பிடித்தம் போக 8,500 கையில் கொடுப்பார். தினம் நூறு ரூபாய், நூறு நாள். கேட்கிறபோது லேசாகத்தான் இருக்கும், தினம் நூறுதானே என்று. ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறீர்கள். ஐம்பதாவது நாளில் வாங்கியதில் பாதிக்கு மேல் கட்டி முடித்திருப்பீர்கள். உங்கள் கையில் உண்மையில் இருக்கும் தொகைக்குக் கணக்குப் பார்த்தால் அது மாதம் ஏறக்குறைய 10 சதவீதம். ஊரில் பத்து வட்டி என்றால் யாரும் பயப்படுவார்கள். தண்டல் அதே பத்து வட்டிதான், நாள் நாளாகப் பிரித்திருப்பதால் தெரிவதில்லை. இத்தகைய அநியாய வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003இலேயே சட்டம் வந்தும் பழக்கம் போகவில்லை.

மாற்று வழிகள் இருக்கின்றன. மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் குழு வழியாகக் கிடைக்கும் வங்கிக் கடன்தான் முதல் தேர்வு. 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய இந்தக் குழுக்கள் இப்போது அநேகமாக எல்லா ஊரிலும் உள்ளன. 2015இல் வந்த முத்ரா திட்டத்தில் சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை ஜாமீன் சொத்து இல்லாமல் வங்கியில் கேட்கலாம். தையல், மண்பாண்டம் போன்ற கைத்தொழில் என்றால் மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் உண்டு. விவரம் மாவட்டத் தொழில் மையத்தில் கிடைக்கும். தொழிலே புதிது என்றால் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் இலவசமாகக் கற்றுக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: மானியம் வருகிறதே என்பதற்காக ஒரு தொழிலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மானியம் ஒருமுறை வரும், உளுந்து தினமும் வாங்க வேண்டும்.

பதிவு வேலைகளுக்கும் பயப்பட ஒன்றுமில்லை. சிறிய அளவில் உணவு செய்து விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 14 இலக்க எண் ஒன்று தருவார்கள், கட்டணம் சொற்பம். சிறு தொழில்களுக்கென்று 2020 ஜூலையில் வந்த உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். ஆதாரும் பான் கார்டும் இருந்தால் நீங்களே செய்துகொள்ளலாம். அதற்கு ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும் தரகர்களிடம் ஏமாறாதீர்கள். தராசுக்கு உரிய காலத்தில் முத்திரை வைக்க வேண்டும். வீட்டு மின் இணைப்பில் வியாபாரத்துக்கு மோட்டார் ஓட்டினால் கட்டண வகை மாறக்கூடும் என்பதால், மின்வாரிய அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இதே கணக்கு மற்ற தொழில்களுக்கும் பொருந்தும், வரிகளின் அளவுதான் மாறும். டியூஷனில் சரக்கு என்று ஒன்றும் இல்லை, வருவது முழுக்க கூலி. அதனால் அங்கே எண்ண வேண்டியது மணி நேரத்தை. பிளவுஸ் தைப்பவர் நூல், ஊக்கு, லைனிங் துணி விலையைச் சரியாகக் கழித்துவிடுவார். அளவெடுக்க, பிரித்துத் தைத்துக் கொடுக்க, வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருக்கப் போகும் நேரத்தைத்தான் விட்டுவிடுவார். பலகாரத்தில் எண்ணெய் ஒன்றே பாதிக் கணக்கைத் தின்றுவிடும். எதுவானாலும் ஒரு மாதம், இப்போது பார்க்கிற வேலையை விடாமல், சின்ன அளவில் செய்து எல்லா வரியையும் எழுதிப் பாருங்கள். இருக்கிற வேலையை விடுவதா வேண்டாமா என்பதை அந்த நோட்டு சொல்லட்டும், உற்சாகம் சொல்ல வேண்டாம்.

சித்தி அதற்குப் பிறகு மூன்று டப்பா வைத்துக்கொண்டார். ராத்திரி விற்று முடித்ததும் மறுநாள் சரக்குக்கான பணம் முதல் டப்பாவுக்குப் போகும். அதில் யாரும் கை வைக்கக்கூடாது. சித்தப்பா சிகரெட்டுக்குக் கேட்டால்கூட இல்லை என்றுதான் பதில். இரண்டாவது அவருடைய கூலி. அதிலிருந்துதான் வீட்டுச் செலவு, பேத்தி ஃபீஸ் எல்லாம். மூன்றாவது சின்ன டப்பாவில் கிரைண்டருக்கு என்று அப்போதைய கணக்கில் தினம் 15 ரூபாய். லாபம் என்று நின்றதை மாதம் ஒருமுறை தபால் நிலையத்தில் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை அரைப்பதில்லை என்றும் முடிவு செய்தார். கூலி என்று ஒன்றை எழுதிய பிறகுதான் அவருக்கு விடுமுறை என்று ஒன்று தோன்றியது. நோட்டில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான்.

மூன்றரை வருடம் கழித்து ஒரு மார்கழி மாதத்தில் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. சரிசெய்ய முடியாது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். எனக்குப் போன் செய்த சித்தியின் குரலில் பதற்றம் இல்லை. சின்ன டப்பாவை எண்ணியிருக்கிறார்: 15,750 ரூபாய். குறைந்ததற்குத் தபால் நிலையத்தில் இருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினார். யாரிடமும் கைமாற்று கேட்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் தூக்குவாளிகள் மறுபடி வாசலில் வரிசையாக நின்றன.